வால்வு ஆம்ப்ளிஃபயர்: பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

கொழிஞ்சாம்பாறை பாலு

வணக்கமுங்க. ஆக்ரிக் கடையில, அதான் பழைய சாமான் கடையில இருந்து ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் (டிரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் வெச்சது) எடுத்திருக்கேன். வால்வுங்க: ஈஎஃப் 86 ஒண்ணு, ஈசிசி 83 ஒண்ணு, அவுட்புட்டுக்கு ஈஎல் 84 ரெண்டு, ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபயர் ஈஇசட் 81 ஒண்ணு. சேஸிஸ் (எல்லாம் மாட்டியிருக்குற தகர அடிப்பெட்டி) மேல 50+50 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) 450 வோல்ட் அலுமினியக் குடுவைக் கண்டென்சர். அடியில மெழுகு பூசின பேப்பர் கண்டென்சர்கள். மெயின்ஸ் வயர் ரெண்டு கோர், ரப்பர் தொட்டாலே உதிருது. எத்தனை வருசமா ஓடாம கிடந்துச்சுன்னு கடைக்காரருக்கும் தெரியல. முடிஞ்சவரைக்கும் பழைய பார்ட்ஸையே வெச்சுக்கணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறது?

மீனாட்சிபுரம் வால்வு

பாலு, தயவு செஞ்சு இன்னும் கரண்ட் குடுக்காதீங்க. 'ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடலாம்'னு சொருகுற அந்த அரை நிமிசத்துலதான் நல்ல செட்டு பல சாகுது. வால்வு போனா வாங்கிக்கலாம். ஈஎல் 84, ஈசிசி 83 ரெண்டும் ஸ்லோவாக்கியாவுலயும் ரஷ்யாவுலயும் இன்னைக்கும் புதுசா பண்றாங்க. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரோ அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோ எரிஞ்சா அதே சுத்துல, அதே அளவுல இன்னொண்ணு தேடி அலையணும். மொதல்ல உங்க உசிரு, அடுத்தது அந்த ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர். வேலையோட வரிசையை இது ரெண்டையும் வெச்சுத்தான் போடணும்.

நீங்க சொன்ன வால்வு வரிசை முல்லார்டு 5-10 சர்க்யூட்டோடது. அஞ்சு வால்வு, பத்து வாட், அதான் பேரு. எச்.டி. லைன்ல, அதாவது வால்வுகளுக்குப் போற ஹை டென்ஷன் லைன்ல, 300 வோல்ட்டுக்கு மேல டிசி நிக்கும். குடுவையில ரெண்டு பகுதியும் சேர்த்து 100 எம்எஃப்டி. 350 வோல்ட்டுல அதுல தேங்குற சக்தி 6 ஜூல். ஒரு கையில ஏறி மறு கை வழியா இறங்கினா நெஞ்சைத் தாண்டித்தான் போகும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்த வோல்டேஜ் அங்கயேதான் இருக்கும்.

டிஸ்சார்ஜ் பண்ண ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்க வைக்கிற பழக்கம் வேண்டாம். முனை உருகும், கண்டென்சருக்குள்ள லீட் விட்டுப்போகும். 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒண்ணு எடுத்து ரெண்டு பக்கமும் நல்ல ஒயர், க்ரோக்கடைல் கிளிப், மேல முழுக்க ஸ்லீவ். பிளக்கைக் கையில பிடுங்கி எடுத்துக் கண்ணுக்கு முன்னாடி வெச்சுட்டு, ஒரு கிளிப்பைச் சேஸிஸ்ல மாட்டுங்க. இன்னொரு கையைப் பின்னால வெச்சுக்கிட்டு மறு கிளிப்பை எச்.டி.யில மாட்டுங்க. 100 எம்எஃப்டிக்கு அஞ்சு செகண்ட் போதும், பத்து விடுங்க. குடுவையோட ரெண்டு டேக்லயும் தனித்தனியா மீட்டர் வெச்சு 5 வோல்ட்டுக்குக் கீழ வந்துச்சான்னு பாருங்க. பார்த்த பிறகும் கிளிப்பைக் கழட்டாம அப்படியே வெச்சுக்கிட்டு வேலை செய்யுங்க. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் வோல்டேஜைத் திரும்ப எழுப்பிக்கும்.

லதா, சித்தூர்

அண்ணா சொன்னதோட ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், பாலு. 'வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறது, பயமில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். கரண்ட் கசிந்தால் தானே விழும் அந்த ஸ்விட்ச், ஆர்சிசிபி, பார்ப்பது மெயின்ஸ் லைனுக்கும் நியூட்ரலுக்கும் உள்ள கரண்ட் வித்தியாசத்தை மட்டும்தான். எச்.டி. வைண்டிங் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறது. எச்.டி.க்கும் சேஸிசுக்கும் நடுவில் உங்கள் உடம்பு மாட்டினால் அந்தக் கரண்ட் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. அது விழாது.

மோதிரம், இரும்புப் பட்டை வாட்ச், கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். காலுக்குக் கீழே காய்ந்த மரப்பலகை அல்லது ரப்பர் விரிப்பு. கரண்ட் இருக்கும்போது புரோபைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்கவே வேண்டாம்: ஆஃப் செய்து, டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரின் கிளிப்பை மாட்டி, பிறகு டிஸ்சார்ஜ் கிளிப்பை எடுத்துவிட்டு ஆன் செய்து படியுங்கள். வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், எந்த ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே காட்டி வையுங்கள்.

வேலந்தாவளம் சேகர்

மொத வேலை மெயின்ஸ் வயர். ரெண்டு கோரைத் தூக்கிப் போட்டுட்டு மூணு கோர் போடுங்க. எர்த் வயருக்குத் தனி போல்ட், பெயின்ட்டைச் சுரண்டிட்டுப் பல் வாஷர் வெச்சு இறுக்கணும். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்லயே மாட்டக் கூடாது. வயர் உள்ள வர்ற ஓட்டைக்கு ரப்பர் கிராமெட், இழுத்தா வராத மாதிரி ஒரு கிளாம்ப்.

லைன்ல இருந்து சேஸிசுக்கு ஒரு கண்டென்சர் போட்டிருந்தா வெட்டி எடுங்க. அந்தக் காலத்து பேப்பர் கண்டென்சர் அந்த இடத்துல ஷார்ட் ஆனா சேஸிஸ் முழுக்க லைன்தான். கட்டாயம் வேணும்னா ஒய்2 வகை (மெயின்ஸுக்கும் சேஸிசுக்கும் நடுவுல போடவே பண்ணின பாதுகாப்பு கண்டென்சர்) மட்டும்.

ஃபியூஸ்: இந்த செட்டு எடுக்குறது 60 வாட் சுமார், அதாவது கால் ஆம்பியர். 630 மில்லி ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ் போதும். பழைய செட்டைத் திறந்தா ஃபியூஸ் இடத்துல வெறும் கம்பியைச் சுத்தி வெச்சிருப்பாங்க, நல்லா பாருங்க.

மீனாட்சிபுரம் வால்வு

இப்ப கண்டென்சர். இதுலதான் பாலுவோட ஆசைக்கும் செட்டோட பாதுகாப்புக்கும் கொஞ்சம் இழுபறி வரும்.

மெழுகு பேப்பர் கண்டென்சர் ஒண்ணையும் விட்டு வைக்காதீங்க. முக்கியமா ஈசிசி 83 ஆனோடுல (எலக்ட்ரான் வந்து சேருற தகடு) இருந்து ஈஎல் 84 க்ரிட்டுக்கு (கரண்ட்டைக் கட்டுப்படுத்துற வலை) வர்ற ரெண்டும். ஏன்னு கணக்காவே சொல்றேன். ஆனோடுல 200 வோல்ட், க்ரிட் ரெசிஸ்டன்ஸ் 470 கிலோ ஓம்னு வெச்சுக்குங்க. கண்டென்சர் லீக் 50 மெகா ஓம். சாதாரண மீட்டர்ல ஓம்ஸ் வெச்சா 'ஓபன்'னுதான் காட்டும், நல்ல கண்டென்சர்னு நினைப்பீங்க. ஆனா அது வழியா 4 மைக்ரோ ஆம்பியர் இறங்கி க்ரிட்டுல 1.9 வோல்ட் பாசிட்டிவ் நிக்கும். ஈஎல் 84ல 5 மில்லி ஆம்பியருக்கும் மேல கூடும். அந்த வால்வோட ஆனோடு தாங்குறது 12 வாட், சரியான நிலையிலயே 10 வாட்டுக்கு மேல ஓடுது. சூடாக ஆக லீக் இன்னும் கூடும், கரண்ட் இன்னும் ஏறும். ஆனோடு தகடு சிவக்கிறது கண்ணுக்குத் தெரியும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

சரியா சோதிக்கணும்னா: க்ரிட் பக்கத்து லீட்டைக் கழட்டி, அந்த முனைக்கும் சேஸிசுக்கும் நடுவுல 10 மெகா ஓம் இன்புட் உள்ள டிஜிட்டல் மீட்டரை டிசி வோல்ட்டுல வெச்சு, செட்டு ஓடுறப்போ பார்க்கணும். அதே 50 மெகா ஓம் லீக் இங்க 33 வோல்ட்டா காட்டும். நல்ல கண்டென்சர் நிலைச்ச பிறகு ஒரு வோல்ட்டுல சின்னப் பங்குகூடக் காட்டாது. ஆனா மெழுகு கண்டென்சருக்கு இந்தச் சோதனையே வீண், மாத்திடுங்க. 630 வோல்ட் பாலிப்ராப்பிலீன் இல்லைன்னா பாலியெஸ்டர், அதே எம்எஃப்டி. மைக்கா, செராமிக் பெரும்பாலும் நல்லா இருக்கும். முல்லார்டு மஞ்சள் கண்டென்சர் இருந்தா அளந்து பார்த்து வெச்சுக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை பாலு

அண்ணா, மேல இருக்குற குடுவை? கண்டென்சர் மீட்டர்ல ரெண்டு பகுதியும் 54, 52னு காட்டுது. அதையாவது வெச்சுக்கலாமா?

வேலந்தாவளம் சேகர்

வெச்சுக்கலாம்னு நான் சொல்லுவேன், ரிஃபார்ம் பண்ணணும், அதாவது மெதுவா வோல்டேஜ் ஏத்தி உள்ள இருக்குற இன்சுலேஷன் படலத்தைத் திரும்ப வளர்க்கணும். 100 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் சீரிஸ்ல போட்டு டிசியை 50 வோல்ட்டுல ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ரெசிஸ்டன்ஸ் மேல 100 வோல்ட் நின்னா 1 மில்லி ஆம்பியர் லீக்னு அர்த்தம். ஒவ்வொரு படியிலும் அது இறங்குற வரைக்கும் நிக்கணும். ஓடுற வோல்டேஜுக்கு வந்த பிறகு அரை மில்லி ஆம்பியருக்குக் கீழ வந்துட்டா அது பொழைச்சுக்கும்.

லதா, சித்தூர்

இதில் சேகரோடு எனக்கு உடன்பாடு இல்லை. மீட்டர் 54 காட்டியது சில வோல்ட்டில். 320 வோல்ட்டில் அதன் லீக் என்ன, உள்ளே திரவம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. எம்எஃப்டி கூடுதலாகக் காட்டுவதே சில சமயம் லீக்கின் அடையாளம்தான். ரிஃபார்ம் ஆன குடுவை ஆறு மாதம் ஓடாமல் இருந்தால் மறுபடி பழைய நிலைக்குப் போகலாம். தினம் ஓடும் செட்டுக்குப் பரவாயில்லை. எப்போதாவது ஓட்டுபவர்களுக்கு ஆகாது. அது ஷார்ட் ஆனால் ஈஇசட் 81 போகும், ஃபியூஸ் சரியில்லை என்றால் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

குடுவையை மேலேயே விட்டுவிடுங்கள், தோற்றம் மாறாது. அதன் டேக்குகளிலிருந்து எல்லா வயர்களையும் கழற்றி, சேஸிசின் அடியில் ஒரு டேக் ஸ்ட்ரிப் வைத்து 47 எம்எஃப்டி 500 வோல்ட் 105 டிகிரி கண்டென்சர் இரண்டு போடுங்கள். பழையதற்கு இணையாகப் புதியதைச் சேர்க்காதீர்கள். பழையதன் லீக் அப்படியே இருக்கும். 'ஹம் (உறுமல் சத்தம்) குறையும்' என்று முதல் கண்டென்சரை 100, 220 எம்எஃப்டி ஆக்காதீர்கள். ஈஇசட் 81க்கு நேராக வரும் கண்டென்சருக்கு 50 எம்எஃப்டிதான் எல்லை. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறை சார்ஜ் ஆகும்போதும் கேத்தோடு (எலக்ட்ரானை வெளியிடும் பகுதி) பூச்சு உரியும், உள்ளே பொறி தட்டும்.

மீனாட்சிபுரம் வால்வு

நானும் லதா பக்கம்தான். அதே மாதிரி ஈஇசட் 81 இடத்துல டயோடு போட்டு 'சுலபமா முடிச்சுட்டேன்'னு சொல்றவங்களும் உண்டு. வால்வு ரெக்டிஃபயர்ல இழக்குற வோல்டேஜ் டயோடுல இழக்காது, எச்.டி. 20, 30 வோல்ட் ஏறும். மத்த வால்வுகள் சூடாகுறதுக்கு முன்னாடியே முழு எச்.டி. வந்து கண்டென்சர் மேல உக்காரும். வேண்டாம்.

ஈஎல் 84 கேத்தோடுல இருக்குற 50 எம்எஃப்டி 25 வோல்ட் சின்னக் கண்டென்சர்களையும் மாத்துங்க. அது ஷார்ட் ஆனா பயாஸே (கரண்ட்டை அளவுல நிறுத்துற க்ரிட் வோல்டேஜ்) இல்லாமப் போயிடும்.

ரெசிஸ்டன்ஸ் எல்லாம் ஒரு பக்க லீட்டைக் கழட்டி அளங்க. பழைய கார்பன் ரெசிஸ்டன்ஸ் ஈரத்துல மேல நோக்கித்தான் ஏறும். 100 கிலோ ஓம் 130 காட்டினா ஆச்சரியமில்லை. 20 சதவீதத்துக்கு மேல போனதை மாத்துங்க, மத்ததை விடுங்க. ஒட்டுமொத்தமா எல்லாத்தையும் பிடுங்கிப் புதுசு போட்டா, எது தப்பா மாட்டினதுன்னு பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒண்ணைக் கழட்டு, ஒண்ணைப் போடு, சர்க்யூட்டுல டிக் அடி.

நெம்மாறை கிருஷ்ணன்

எங்க பக்கத்து ஈரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் கிழக்குப் பக்கம் மழை மறைவு, அங்க பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் தூசியும்தான் தொல்லை. நெம்மாறை, நெல்லியாம்பதி அடிவாரம் அப்படி இல்லை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினா வீட்டுக்குள்ளயே எல்லாம் பூக்கும். அப்படிப்பட்ட வீட்டுல கிடந்த செட்டுன்னா டிரான்ஸ்ஃபார்மர் காகிதம் ஈரத்தைக் குடிச்சிருக்கும். வால்வையெல்லாம் எடுத்துட்டு, மெயின்ஸ் பிரைமரிக்கும் சேஸிசுக்கும் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்குற மீட்டர்) வைங்க. 2 மெகா ஓமுக்குக் கீழன்னா கரண்ட் குடுக்கவே கூடாது. தகரப் பெட்டிக்குள்ள 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, பல்பு எதையும் தொடாம, 50, 60 டிகிரியில ரெண்டு நாள் வெச்சு மறுபடி அளங்க. 20க்கு மேல ஏறி நின்னா அடுத்த வேலைக்குப் போகலாம்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியை நடு டேப்புல இருந்து ரெண்டு பக்கமும் அளங்க. ஒரு பக்கம் பத்து, பதினஞ்சு சதவீதம் கூட இருந்தா தப்பில்லை, வெளிச் சுத்துக்குக் கம்பி நீளம் அதிகம். ஒரு பக்கம் ஓபன்னா பச்சைப் பூத்துக் கம்பி அரிச்சுப் போச்சு. அப்படியே ஓட்டினா ஆனோடுக்கு வோல்டேஜ் இல்லாம ஸ்க்ரீன் க்ரிட் (ஆனோடுக்கு முன்னாடி இருக்குற ரெண்டாவது வலை) மொத்தக் கரண்ட்டையும் வாங்கிச் செவந்து, அந்த வால்வும் போகும்.

எனக்கும் ஒரு கேள்வி. வீட்டுல ஒரு ரேடியோ: யூசிஎச் 81, யூபிஎஃப் 89, யூசிஎல் 82, யூஒய் 85. பின்னாடி பிக்அப் சாக்கெட் (ரெக்கார்டு பிளேயர் மாட்டுறது) இருக்கு. பேரன் அதுல போன் ஒயரைச் சொருகிப் பாட்டு கேக்கலாமான்னு கேக்குறான்.

லதா, சித்தூர்

கிருஷ்ணன் ஐயா, கூடாது. தயவுசெய்து அந்தப் பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

'யூ' எழுத்தில் தொடங்கும் வால்வுகள் என்றால் அது ஏசி/டிசி செட். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஃபிலமெண்ட்கள் எல்லாம் 100 மில்லி ஆம்பியரில் சீரிஸ்: 19, 19, 50, 38 கூட்டினால் 126 வோல்ட். 230ல் மீதி 104 வோல்ட்டை ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸ், ஏறக்குறைய 1040 ஓம், பத்து வாட் சூடாக எரித்துத் தள்ளுகிறது. சேஸிஸ் மெயின்ஸின் ஒரு முனையோடு நேராகச் சேர்ந்திருக்கிறது. இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிசே லைன். போன் ஒயரின் ஷீல்டு அந்தச் சேஸிசோடு போய்ச் சேர்ந்தால், பிள்ளை கையில் பிடித்திருப்பது 230 வோல்ட். உள்ளே தனிப்படுத்தும் கண்டென்சர் இருந்தாலும் அது அந்தக் காலத்துப் பேப்பர் கண்டென்சர், நம்பக் கூடாது.

அந்த ரேடியோவைத் திறந்து வேலை பார்க்கவும், பிக்அப் சாக்கெட்டைப் பயன்படுத்தவும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 100 விஏ போதும். அதன் செகண்டரியை எர்த் செய்துவிடாதீர்கள், செய்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். நாபுகளின் உள்ளே இருக்கும் சின்ன ஸ்க்ரூ சேஸிசோடு தொடர்புள்ளது, அதன் குழியை மெழுகால் மூடுங்கள். பின் அட்டை இல்லாமல் ஓட்டாதீர்கள். அந்தப் பெரிய ரெசிஸ்டன்ஸுக்கு மேலே சாம்பல் நிறத்தில் உதிரும் அட்டை இருந்தால் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டவோ ஊதவோ வேண்டாம்.

வேலந்தாவளம் சேகர்

பாலு, மொத தடவை கரண்ட் குடுக்கும்போது சீரிஸ் போர்டு (செட்டோட ஒரு பல்பைச் சீரிஸ்ல மாட்டுற பலகை) வழியா மட்டும் குடுங்க. குண்டு பல்புதான் வேணும், எல்ஈடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. எல்லா வால்வும் வெளிய இருக்க, 60 வாட் பல்பு சீரிஸ்ல. பல்பு லேசா மினுங்கினாலோ எரியாமலே இருந்தாலோ நல்லது. பளிச்சுன்னு எரிஞ்சு நின்னா டிரான்ஸ்ஃபார்மர்ல சுத்து ஷார்ட், இல்லைன்னா ஃபிலமெண்ட் ஒயர்ல ஷார்ட். மேல போகாதீங்க.

அது சரியா இருந்தா 100 வாட் பல்புக்கு மாறி எல்லா வால்வையும் போடுங்க. ஸ்பீக்கர் டெர்மினல்ல 15 ஓம் அல்லது 8 ஓம் 25 வாட் ரெசிஸ்டன்ஸ் கட்டாயம். லோடு இல்லாம சிக்னல் குடுத்தா பிரைமரியில பாயுற வோல்டேஜ் இன்சுலேஷனைக் குத்திடும். பல்பு மொதல்ல பிரகாசமா, அப்புறம் மங்கி, வால்வு சூடானதும் மறுபடி கொஞ்சம் ஏறி நிக்கும். ஏறிக்கிட்டே போனா ஆஃப்.

வால்வைத் துடைக்கும்போது கண்ணாடி மேல இருக்குற எழுத்துப் பக்கம் துணியே போகக் கூடாது, வெறும் விரல் பட்டாலே அழியும். பெங்களூரு பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) 1961ல இருந்து ரிசீவிங் வால்வு (ரேடியோ செட்டுல போடுற வகை) பண்ணாங்க, அந்த அச்சு இருந்தா பத்திரம். உச்சியில இருக்குற வெள்ளிப் பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ள காத்துப் போச்சு, அந்த வால்வு முடிஞ்சது. ஓடும்போது கண்ணாடி ஓரத்துல நீலமா மினுங்கினா பயமில்லை. ஆனோடுக்குள்ள ஊதா நிறம் நிறைஞ்சா கேஸ், உடனே எடுங்க.

மீனாட்சிபுரம் வால்வு

பல்பை எடுத்து நேரா குடுக்குறதுக்கு முன்னாடி மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரோட வோல்டேஜ் டேப்பைப் (220, 240னு மாத்துற இணைப்பு) பாருங்க. டேப் 220ல இருந்து, உங்க வீட்டுல ராத்திரி 245 வந்தா, 6.3 வோல்ட் ஃபிலமெண்ட் 7 வோல்ட்டுக்குப் போயிடும். 240 டேப் இருந்தா அதுல வைங்க. இல்லைன்னா 12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரியை மெயின்ஸோட எதிர்த்திசையில சீரிஸ்ல போட்டா 245, 233 ஆயிடும். மீட்டர்ல 257 காட்டினா செகண்டரி முனை ரெண்டையும் மாத்துங்க. அந்தச் செகண்டரியும் மெயின்ஸ்தான், பெட்டிக்குள்ள மூடி வைக்கணும்.

கொழிஞ்சாம்பாறை பாலு

எல்லாம் முடிச்சு 240 டேப்புல நேரா குடுத்தாச்சுங்க. எச்.டி. 312. ஃபிலமெண்ட் 6.4. ஈஎல் 84 மூணாம் பின் (கேத்தோடு): ஒரு பக்கம் 10.6 வோல்ட், மறு பக்கம் 11.9. லோட் ரெசிஸ்டன்ஸ் எடுத்துட்டு ஸ்பீக்கர் போட்டா லேசா ஹம் இருக்கு, பேஸ் கொஞ்சம் கொழகொழன்னு வருது. 11.9 பக்கத்து வால்வு அதிகமா இழுக்குதா? இடம் மாத்திப் பார்த்தேன், 11.9 அதே சாக்கெட்லதான் நிக்குது.

லதா, சித்தூர்

சாக்கெட்டிலேயே நின்றால் வால்வு காரணமில்லை. வோல்டேஜ் மட்டும் பார்த்துக் கரண்ட்டைச் சொல்ல முடியாது. ஆஃப் செய்து, டிஸ்சார்ஜ் செய்து, அந்த இரண்டு 270 ஓம் கேத்தோடு ரெசிஸ்டன்ஸையும் அளந்து எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை பாலு

272, 395.

மீனாட்சிபுரம் வால்வு

அதான். 10.6ஐ 272ஆல வகுத்தா 39 மில்லி ஆம்பியர். 11.9ஐ 395ஆல வகுத்தா 30 தான். கூட வோல்டேஜ் காட்டுற வால்வு குறைச்சலா இழுக்குது. ரெண்டு பக்கமும் 9 மில்லி வித்தியாசம் இருந்தா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இரும்புல டிசி காந்தம் ஏறி நிக்கும். பேஸ் கொழகொழன்னு வர்றதுக்கும், எச்.டி. ஹம் ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்காம வெளிய வர்றதுக்கும் அதான் காரணம். ரெண்டையுமே 270 ஓம் 3 வாட் மெட்டல் ஆக்சைடா மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க. ரெண்டு பக்கமும் 37ல இருந்து 40க்குள்ள வந்தா சரி.

அதுக்குப் பிறகும் ஹம் நின்னா அதோட சுருதியைக் கேளுங்க. 100 சைக்கிள்னா ஃபில்டர் பக்கம், 50னா ஃபிலமெண்ட் ஒயர் இல்லைன்னா எர்த் ரெண்டு இடத்துல சேர்ந்திருக்கு. ஈஎஃப் 86ஐ எடுத்ததும் நின்னுதுன்னா அந்த சாக்கெட்டைச் சுத்தித் தேடுங்க. வால்வைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி ஆஃப், டிஸ்சார்ஜ், அது எப்பவும்.

கொழிஞ்சாம்பாறை பாலு

ரெண்டும் மாத்திட்டேன் அண்ணா. 10.5, 10.3. பேஸ் இறுகிடுச்சு, ஹம் ஸ்பீக்கர்ல காதை வெச்சாத்தான் கேக்குது. நாளைக்கு லோட் ரெசிஸ்டன்ஸ் போட்டு நாலு மணி நேரம் ஓடவிட்டு, மணிக்கு ஒரு தடவை மூணாம் பின் ரெண்டையும், டிரான்ஸ்ஃபார்மர் சூட்டையும் எழுதி இங்க போடுறேன்.